கருமுட்டை முதிர ஹார்மோன்: டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய் பட்ட பாடு

ஆரணி பக்கம் தறி ஓடும் வீடுகளிலும் கறவை மாடு வைத்திருப்போர் உண்டு. பசு சுமார் 21 நாட்களுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும்; அப்போது பெரும்பாலும் ஒரே ஒரு கருமுட்டைதான் முதிரும். ஹார்மோன் ஊசி போட்டால் பல முட்டைகள் ஒன்றாக முதிரும். முதிராத முட்டைகளை வெளியே எடுத்து, எப்.எஸ்.எச்., எல்.எச். ஹார்மோன்கள் கலந்த திரவத்தில், மாட்டின் உடல் சூட்டிலேயே சுமார் ஒரு நாள் வைத்து ஆய்வகத்தில் முதிரவைப்பதும் உண்டு. சோதனைக்குழாய் கன்றுகளுக்கு இதுதான் முதல் படி. கர்னால் தேசிய பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனத்தில் 1990-ல் சோதனைக்குழாய் எருமைக் கன்று பிறந்தது.

ஹார்மோன் கொடுத்து முட்டையை முதிரவைத்து, உடலுக்கு வெளியே கருவாக்கும் வேலையை நம் நாட்டில் மனிதரிடம் முதலில் செய்து காட்டியவர் சுபாஷ் முகோபாத்யாய். 1931-ல் ஹசாரிபாக்கில் பிறந்தார். கொல்கத்தாவில் மருத்துவம் படித்தார். இனப்பெருக்க ஹார்மோன்களை ஆராய்ந்து எடின்பரோவில் 1967-ல் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பினார்.

கருக்குழாய் பழுதாகிப் பிள்ளை இல்லாத பெண்ணுக்கு, மாதவிடாய் நின்ற பெண்களின் சிறுநீரிலிருந்து பிரித்த ஹார்மோனை ஊசியாகப் போட்டார். ஒன்றுக்குப் பல முட்டைகள் முதிர்ந்தன. அவற்றைப் பிறப்புறுப்பு வழியாக எடுத்து, வெளியே விந்துடன் சேர்த்துக் கருவாக்கினார். உடனே கருப்பையில் வைத்துவிடவில்லை. சினை ஊசிக்கான விந்துக் குச்சிகளை உறையவைத்துக் காப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதேபோல் கருவை 53 நாட்கள் உறையவைத்தார். ஹார்மோன் ஊசி போட்ட மாதத்தில் கருப்பை கருவை ஏற்பது கடினம் என்பது அவர் கணிப்பு. உடல் இயல்புக்குத் திரும்பிய வேறொரு மாதத்தில் கருவை உள்ளே வைத்தார். 1978 அக்டோபர் 3-ல் துர்கா பிறந்தாள். உலகின் முதல் சோதனைக்குழாய் குழந்தை இங்கிலாந்தில் பிறந்து 70 நாட்கள்தான் ஆகியிருந்தன. அங்கே ஹார்மோன் ஊசியும் இல்லை, உறையவைத்தலும் இல்லை. கையில் இருந்த எளிய கருவிகளை வைத்து இவர் இதைச் செய்தார் என்பதை நினைத்தால் வியப்புதான்.

மேற்கு வங்க அரசு அமைத்த குழு அவர் சொன்னதை நம்பவில்லை. ஜப்பானில் போய்ப் பேச அனுமதி கிடைக்கவில்லை. 1981-ல் கண் மருத்துவ நிறுவனத்துக்கு மாற்றினார்கள். கருமுட்டை ஆராய்ந்தவருக்கு அங்கே என்ன வேலை? அதே ஆண்டு ஜூன் 19-ல் உயிரை மாய்த்துக்கொண்டார்.

நாட்டின் முதல் சோதனைக்குழாய் குழந்தை என்ற பெயர் 1986-ல் மும்பையில் பிறந்த ஹர்ஷாவுக்குப் போனது. அந்த ஆராய்ச்சியை நடத்திய டி.சி. ஆனந்த் குமார் கைக்குத்தான் சுபாஷின் குறிப்புகள் பின்னர் வந்து சேர்ந்தன. அவற்றைப் படித்துப் பார்த்தவர், 1997-ல் முதலிடம் சுபாஷுக்கே என்று எழுதினார்.