இரண வைத்தியம் தந்த கிறீன்

யாழ்ப்பாணத்து மண்ணில் பிறவாதிருந்தும் அம்மண்ணின் மொழிக்குப் பெரும்பணி ஆற்றிச் சென்றோர் சிலர் உளர். அவர்களுள் மருத்துவத் துறையில் முதல்வராக வைத்து எண்ணத்தக்கவர் டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன். மானிப்பாயிலே அவர் பெயரைத் தாங்கி நிற்கும் வைத்தியசாலையை அறியாதார் நம்மிடையே இலர். அவர் தமிழில் மருத்துவ நூல்களை வெளியிட்டார் என்பதையும் பலர் கேட்டிருப்பர். ஆனால் அந்நூல்களுள் ஒன்று குருதிப்பெருக்கை நிறுத்துவதும் காயத்தை ஆற்றுவதுமாகிய சத்திர வைத்தியத்துக்கே உரியது என்பதையும், அது எத்தகைய காலத்திலே தோன்றியது என்பதையும் நினைந்து பார்ப்போர் குறைவு. அந்த ஒரு நூலை நடுவாக வைத்து அப்பெரியாரின் வாழ்க்கையைச் சொல்ல விரும்புகிறேன்.

இதற்குக் காரணம் என் தொழில். ஆஸ்பத்திரிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், என் ஊராகிய மருதனார்மடத்திலே பாடசாலைப் பிள்ளைகளுக்கு முதலுதவி சொல்லிக்கொடுத்து வருகிறேன். மருதனார்மடச் சந்தியிலிருந்து மேற்கே உடுவிலைக் கடந்து சென்றால் மானிப்பாய் தூரமன்று. பாடஞ் சொல்லும்போது நான் எடுத்தாளும் சொற்களின் பின்னே, அவ்வழியில் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒருவரின் உழைப்பு நிற்பதை அடிக்கடி உணர்கிறேன்.

கிறீன் 1822ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் அமெரிக்காவில் மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரிலே பிறந்தார். நம் நாவலர் பெருமான் நல்லூரிலே தோன்றியதும் அதே ஆண்டிறுதியிலேயாம். ஒருவர் கிறித்தவம் பரப்ப வந்தவர். மற்றவர் அதனை எதிர்த்துச் சைவத்தைக் காத்தவர். கொள்கையால் எதிரெதிரே நின்ற இவ்விருவரும் அறிவைச் சொல்வதற்குத் தமிழ் உரைநடையைப் பண்படுத்தியவர்கள் என்பது எண்ணி மகிழத்தக்கது.

நியூயோர்க்கிலே மருத்துவம் பயின்று 1845இல் பட்டம் பெற்றார் கிறீன். அவர் மாணவராயிருந்த நாளில் சத்திர சிகிச்சை என்பது பெருங்கொடுமையாயிருந்தது. நோயாளி விழித்திருக்கவே கால் அறுக்கப்பட்டது. நாலுபேர் அவனை அழுத்திப் பிடிக்க, எத்தனை நிமிடத்தில் வேலையை முடிக்கிறார் என்பதைக் கொண்டே வைத்தியரின் திறமை மதிக்கப்பட்டது. 1846ஆம் ஆண்டு ஒக்டோபர் 16ஆம் நாள் பொஸ்ரன் நகரத்து ஆஸ்பத்திரியிலே ஈதர் ஆவி கொடுத்து நோவின்றிச் சத்திர சிகிச்சை செய்து காட்டியபோதுதான் அந்நிலை மாறத் தொடங்கிற்று. அடுத்த ஆண்டிலே எடின்பரோவில் குளோரபோம் வந்தது. அதே 1847இல் வியன்னாவிலே செமல்வைஸ் என்பவர், வைத்தியர்கள் சுண்ண நீரிற் கைகழுவினால் பிரசவ மரணங்கள் குறையும் எனக் கண்டார். அந்த ஆண்டிலேதான் இருபத்தைந்து வயதும் நிரம்பாத கிறீன் அமெரிக்க மிஷன் ஊழியராய் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார்.

அவருக்கு முன்னரே டொக்டர் ஸ்கடரும் டொக்டர் வார்டும் இங்கு மருத்துவப் பணி செய்திருந்தனர். கிறீன் முதலில் வட்டுக்கோட்டையில் இருந்து, 1848இல் மானிப்பாய்க்கு மாறினார். இங்கு மருத்துவமே இல்லாதிருந்தது என்று எவரும் எண்ணிவிடலாகாது. செகராசசேகரம், பரராசசேகரம் முதலிய வைத்திய நூல்களைப் பெற்றிருந்த நாடு இது. முறிவு நெரிவுக்குக் கட்டுப்போடும் பரம்பரை வைத்தியர்கள் ஊர்தோறும் இருந்தனர். ஆனால் அறுந்த நாடியிலிருந்து குருதி பீறிடும்போது அதனைப் பற்றிக் கட்டுகின்ற சத்திர வேலைக்கு வேண்டிய உடற்கூற்று அறிவு வேறு வழியால் வரவேண்டியிருந்தது.

யாழ்ப்பாணத்து வாழ்க்கை காயங்களுக்கு இடங்கொடுக்கும் வாழ்க்கை. பனைமரத்தின் உச்சியிலே நாளும் உயிரைப் பணயம் வைப்போர் இருந்தனர். சுண்ணக் கல்லைப் பிளந்து கிணறு வெட்டுவோர், மாட்டு வண்டி ஓட்டுவோர், கோடரியும் மண்வெட்டியும் கொண்டு உழைப்போர் எனப் பலர் இருந்தனர். இத்தகையோர்க்கு விபத்து நேரும்போது வைத்தியர் பக்கத்தில் இருப்பது அரிது. வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறக்குறைய 5 லீற்றர் குருதியே உண்டு. தொடையின் பெருநாடி அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். மானிப்பாயிலே எத்துணை வல்லவர் இருந்தாலும், காங்கேசன்துறைப் பக்கத்தில் மரத்தால் விழுந்தவனுக்கு அவரால் ஆவது என்ன? வண்டி பூட்டி வருமுன் எல்லாம் முடிந்துவிடும். மாற்றுக் குருதி ஏற்றும் முறையும் அன்று ஒழுங்குபெறவில்லை. குருதியின் வகைகளை லான்ட்ஸ்ரைனர் கண்டறிந்து வெளியிட்டது 1901இலேயாம். ஆகவே சிந்திய குருதி சிந்தியதுதான்.

இந்நிலையிலே ஊர்தோறும் அறிவுள்ள ஒருவர் இருத்தல் வேண்டும் என்பது கிறீனின் துணிபாயிற்று. அவர் மாணவர்களைச் சேர்த்து முதலில் ஆங்கிலத்திலே மருத்துவம் கற்பித்தார். பத்தாண்டுப் பணியின்பின் தாயகம் சென்று, மணம் முடித்து, 1862இல் மனைவியுடன் மீண்டு வந்தார். அதற்குள் ஓர் உண்மை அவருக்குத் தெளிவாகியிருந்தது. ஆங்கிலத்தில் மருத்துவம் கற்றவர் அரசாங்க வேலையை நாடி வெளியூர் போக விரும்புவர். கிராமம் மறுபடியும் வைத்தியரின்றி நிற்கும். தமிழிலே கற்றவரோ தம் ஊரிலேயே இருந்து, தம்மவர்க்கே பணி செய்வர். ஆதலால் 1864 முதல் தமிழிலேயே மருத்துவக் கல்வி புகட்டலானார். இரு காலத்திலும் சேர்த்து அவரிடம் பயின்று வெளியேறிய வைத்தியர் அறுபதின்மருக்கு மேலாவர்.

கற்பிக்க நூல் வேண்டுமே! முன்னரே 1857இல் பிரசவ வைத்தியம் வெளிவந்திருந்தது. 1867இல் வெளிவந்ததுதான் இரண வைத்தியம். இலண்டன் வைத்தியர் ட்றூயிற் இயற்றிய, அக்காலத்து மாணவர் பெரிதும் பயன்படுத்திய சத்திர வைத்தியக் கைந்நூலின் தமிழாக்கம் அது. 1872இல் மனுஷ அங்காதிபாதமும் வைத்தியாகரமும், 1875இல் கெமிஸ்தமும், 1883இல் மனுஷ சுகரணமும் தொடர்ந்தன. மாணவரும் துணைவரும் மொழிபெயர்க்க, கிறீன் அவற்றை மூலத்தோடு ஒப்புநோக்கித் திருத்தினார். இவ்வாறு தமிழிற் சேர்ந்த பக்கங்கள் நான்காயிரத்துக்கு மேற்பட்டன.

சொல்லாக்கத்தில் அவர் கைக்கொண்ட முறை இன்றும் கருதத்தக்கது. முதலிலே தமிழிற் சொல் உண்டா என்று தேடுவார். இல்லையாயின் வடமொழியை நாடுவார். அங்கும் பொருந்துவது கிடையாதபோது ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் அமைத்துக்கொள்வார். கெமிஸ்தம் என்னும் பெயர் மூன்றாம் வழிக்கு எடுத்துக்காட்டு. சத்திர நூலுக்கோ அத்தகைய இடர்ப்பாடு நேரவில்லை. இரணம் என்றால் புண் என்பது ஏடு தொடாத கிழவிக்கும் தெரியும். ஊரார் வாயில் வழங்கிய சொல்லே நூலின் தலைப்பில் ஏறிற்று.

சொல் அமைந்தால் என்ன பயன் என்று கேட்பார்க்கு என் வகுப்பிலிருந்து ஒன்று கூறுவேன். ஈழத்துப் பாடநூல்களில் இதயத்திலிருந்து குருதியைக் கொண்டுசெல்லும் குழாய் நாடி. இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவருவது நாளம். கையிலே நாடி பார்த்தல் என்பதைப் பிள்ளைகள் வீட்டிலேயே கேட்டிருப்பர். துடிப்பது நாடி என்றறிந்த பிள்ளைக்கு, நாடி அறுந்தால் செங்குருதி துடித்துத் துடித்துப் பாயும், நாளம் அறுந்தால் கருஞ்சிவப்பாய் இடையறாது வழியும் என்பதை விளக்கப் பெருமுயற்சி வேண்டுவதில்லை. துடித்துப் பாய்வது கண்டால் கணமும் தாழ்க்கலாகாது என்பதும் உடனே விளங்கும்.

அவ்வேளையிற் செய்யத்தக்கது யாது? தூய துணியைக் காயத்தின்மேல் வைத்து, உள்ளங்கையால் இறுக அழுத்துதல் வேண்டும். நின்றுவிட்டதா என்று இடையிடையே எடுத்துப் பார்த்தல் கூடாது. எடுத்தால் உறைந்த குருதி பெயர்ந்துவிடும். துணி நனைந்தால் அதன்மேல் இன்னொன்றை வைத்து இன்னும் இறுக்கி அழுத்தவேண்டும். கையிலோ காலிலோ அழுத்தத்துக்கும் அடங்காது பாயுமாயின், காயத்துக்குச் சற்று மேலே, மூட்டைத் தவிர்த்து, அகன்ற பட்டியால் இறுகக் கட்டி, கட்டிய நேரத்தைக் குறித்துவைத்து, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். கயிறும் கம்பியும் தசையை அறுக்குமாதலால் ஆகா. பிறகு வைத்தியர் அறுந்த நாடியின் முனையைப் பிடித்து நூலாற் கட்டுவார். கொதிக்கும் எண்ணெயாலும் காய்ச்சிய இரும்பாலும் சுட்டுக் குருதியை அடக்கிய பழைய வழக்கத்துக்கு மாறாக, பதினாறாம் நூற்றாண்டிலே பிரான்ஸ் நாட்டு அம்புறுவாஸ் பாரே நாடியைக் கட்டும் முறையைப் பரப்பினார். கிறீனும் அவர் மாணவரும் அந்த மரபிலே வந்தவர்கள்.

இனி, இரண வைத்தியம் வெளிவந்த 1867ஆம் ஆண்டைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அந்த ஆண்டிலேதான் கிளாஸ்கோ நகரத்து லிஸ்ரர், காபோலிக் அமிலத்தால் காயங்களைச் சீழ்ப்பிடியாமற் காத்த தம் முறையை வெளியிடத் தொடங்கினார். 1865 ஓகஸ்ட் மாதத்திலே, வண்டிச் சில்லு ஏறிக் கால் எலும்பு முறிந்து, காயமும் திறந்திருந்த 11 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அமிலத்தில் தோய்த்த துணியைக் கட்டினார். சீழ் வைக்காமல் ஆறு வாரங்களில் அவன் கால் குணமாயிற்று. அதற்கு முன் அத்தகைய காலை அறுத்தெறிவதே பெருவழக்கு. காயத்திற் கெட்டியான சீழ் தோன்றுவது நலமான அறிகுறி என்றுகூட நெடுங்காலம் நம்பி வந்தனர்.

எனவே, கிருமிகளைப் பற்றிய அறிவு பரவுவதற்கு முந்திய உலகின் நூலைத்தான் நம் இரண வைத்தியம் தமிழிலே தந்தது. இது கிறீனுக்கு இழுக்கன்று. அன்று மூலநூலிலும் அந்த அறிவு இல்லை. வெட்டின் விளிம்புகள் நேரே சேர்ந்தால் விரைவிலும், இடைவெளி விழுந்தால் அடியிலிருந்து செந்தசை வளர்ந்து மெதுவாகவும் புண் ஆறும் என்பதை அக்கால வைத்தியர் கண்ணாற் கண்டு தெளிந்திருந்தனர். குருதி உறைதல், வீக்கம், புதுத்தசை வளர்ச்சி, தழும்பு முதிர்தல் என்னும் படிகளை இன்றைய அறிவியல் நுணுகி விளக்குகிறது. நன்கு முதிர்ந்த தழும்பும் பழைய தோலின் வலிமையில் ஐந்தில் நான்கு பங்கையே அடையும் என்பதும் இன்று தெரிகிறது. அறிவு இவ்வாறு வளர்ந்துகொண்டே போவது. அதனோடு கூடவே நூலும் புதுக்கப்படல் வேண்டும்.

இரண வைத்தியத்துக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. உடல்நலம் குன்றிய கிறீன் 1873இல் யாழ்ப்பாணத்தை விட்டு வூஸ்ரருக்குத் திரும்பினார். 1870இல் கொழும்பிலே தொடங்கிய மருத்துவக் கல்லூரி ஆங்கிலத்தில் நடந்தது. மானிப்பாய்த் தமிழ் மருத்துவக் கல்வி அவர்க்குப்பின் நெடுங்காலம் நிலைக்கவில்லை. ஆயினும் அவர் ஓயவில்லை. கடல் கடந்து வந்த தமிழ்ப் படிகளைத் தம் வீட்டிலிருந்தே திருத்தி அனுப்பினார். 1884ஆம் ஆண்டு மே மாதம், 61 வயதில் உயிர் நீத்தார். தமிழர்க்கு மருத்துவ ஊழியராய் இருந்தவர் என்னும் பொருள்பட அவரது கல்லறையிலே பொறிக்கப்பட்டது. அது அவரே விரும்பியவாறு.

இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே மருத்துவ பீடம் உண்டு; அங்கே கல்விமொழி ஆங்கிலம். உலகெங்கும் விரைந்து வளரும் ஒரு துறையில் அதன் தேவையை நான் மறுக்கவில்லை. ஆனால் விபத்து நிகழும் இடத்தில் முதலில் நிற்பவர் வைத்தியர் அல்லர். தாயோ, அயலவரோ, சந்தையில் காய்கறி விற்பவரோ நிற்பார். 1983 முதல் 2009 வரை நீண்ட போர்க்காலத்தில் இதனை நம் மக்கள் மிகக் கொடிய விலை கொடுத்துக் கற்றனர். சேலைத் தலைப்பைக் கிழித்து அழுத்திக் கட்டிய கைகள் காத்த உயிர்கள் பல. கட்டத் தெரியாமையால் போன உயிர்களும் பல.

அந்தக் கைகளுக்கு எட்டும் மொழியிலே அறிவு இருத்தல் வேண்டும் என்பதே கிறீன் இருபதாண்டுக்கு மேல் இந்நாட்டில் உழைத்துக் கண்ட முடிபு. அவருடைய மருந்துகள் பழமையாயின. அவருடைய நூல்கள் நூலகங்களில் அடங்கின. அந்த முடிபு மட்டும் பழமையாகவில்லை. ஒவ்வொரு பாடசாலையிலும் ஆண்டுக்கு ஒருநாளேனும் குருதியை நிறுத்தும் முறையைத் தமிழிலே, கைப்பழக்கத்தோடு கற்பிப்போமாயின், அப்பெரியாருக்கு அதைவிடச் சிறந்த ஞாபகார்த்தம் வேறொன்றில்லை.