தவிட்டில் இருந்த மருந்து

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டச்சுக்காரர் ஆண்ட ஜாவாத் தீவில், பெரிபெரி என்னும் நோய் படைவீரரையும் சிறைவாசிகளையும் வாட்டியது. கால்கள் மரத்தன, நடை தளர்ந்தது, இதயம் நலிந்து பலர் மாண்டனர். நோய் எதுவாயினும் அதற்கொரு நுண்ணுயிரி காரணமாக இருக்கும் என்று மருத்துவ உலகம் நம்பிய காலம் அது. கிறிஸ்டியான் ஐக்மனும் அவ்வாறே நம்பினார்.

1858இல் நெதர்லாந்தில் பிறந்த ஐக்மன், படை மருத்துவராக ஜாவா சென்று, மலேரியாவால் நலங்குன்றித் தாயகம் திரும்பியவர். பெர்லினில் இராபர்ட் கோக்கிடம் நுண்ணுயிரியல் பயின்றபின், 1886இல் பெரிபெரி ஆய்வுக்குழுவுடன் மீண்டும் கப்பலேறினார். ஈராண்டில் பத்தேவியா நகர ஆய்வகத்தின் பொறுப்பு அவரிடம் வந்தது.

1889 ஜூலையில் ஆய்வகக் கோழிகள் தள்ளாடத் தொடங்கின. கால்கள் வலுவிழந்து, நிற்க இயலாமல் சாய்ந்தன. நோயாளியின் குருதி செலுத்தப்பட்டவை மட்டுமல்ல, எதுவும் செலுத்தப்படாத கோழிகளும் வீழ்ந்தன. கிருமி எதுவும் அகப்படவில்லை. நவம்பர் இறுதியிலோ, நோயுற்றவை தாமாகவே தேறின!

வியப்புற்ற ஐக்மன் தீவனத்தைப் பற்றி விசாரித்தார். இடைப்பட்ட மாதங்களில் கோழிகளுக்கு இடப்பட்டது, படை மருத்துவமனைச் சமையலறையின் தீட்டிய அரிசிச் சோறு. பின்னர்ப் பொறுப்பேற்ற சமையற்காரர், படைவீரருக்குரிய சோற்றைக் கோழிகளுக்குத் தர மறுத்துவிட்டார். நுண்ணோக்கிக்குப் புலப்படாத விடையை அந்த மறுப்பு காட்டிக்கொடுத்தது.

தற்செயலோடு ஐக்மன் நிறைவடையவில்லை. தீட்டிய அரிசி உண்ட கோழிகள் நோயுற்றன. தீட்டாத அரிசி உண்டவை நலமாயிருந்தன. தவிடு சேர்த்ததும் நோயுற்றவை எழுந்தன. அவர் வேண்டுகோளின்படி அடோல்ஃப் ஃபோர்டர்மன் என்னும் அதிகாரி ஜாவாவின் ஏறத்தாழ 100 சிறைகளை ஆராய்ந்தார். தீட்டிய அரிசி உண்ட சிறைகளிலேயே பெரிபெரி மிகுந்திருந்தது.

எனினும் ஐக்மன் கொண்ட விளக்கம் பிழையானது. அரிசி மாவில் நஞ்சு உண்டென்றும், தவிடு அதனை முறிக்கிறதென்றும் கருதினார். நஞ்சு ஏதுமில்லை, தேவையான ஒரு பொருள் இல்லாமையே நோய் என 1901இல் தெளிவுபடுத்தியவர், அவருக்குப்பின் ஆய்வைத் தொடர்ந்த கெரிட் கிரைன்ஸ். 1912இல் காசிமிர் ஃபங்க் இத்தகைய பொருள்களுக்கு வைட்டமின் எனப் பெயரிட்டார். இன்று தயமின் எனப்படும் அப்பொருளை 1926இல் யான்சென், டோனாத் இருவரும் ஜாவாவிலேயே தவிட்டிலிருந்து பிரித்தெடுத்தனர்.

உடல்நலம் குன்றி 1896இல் தாயகம் திரும்பிய ஐக்மன், உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கினார். 1929ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு அவருக்கும் ஆங்கிலேயர் ஹாப்கின்ஸுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. கிரைன்ஸுக்கு அதில் பங்கில்லை. மறு ஆண்டு நவம்பரில் ஐக்மன் மறைந்தார்.