தாஷ்கண்டில் அணைந்த விளக்கு

அண்டை நாட்டோடு நட்புப் பேணுதல் எளிது. நெடும்பகை கொண்ட அண்டை நாட்டோடு நெறி பிறழாது ஒழுகுதல் அரிது. பகைமாட்சி, பகைத்திறந்தெரிதல் என இரண்டு அதிகாரங்களை வள்ளுவர் தனித்தனியே வகுத்ததும் இவ்வருமை கருதியே எனலாம். பத்தொன்பது மாத ஆட்சிக்குள் அவ்வருமையை முழுதும் கண்டவர் லால் பகதூர் சாஸ்திரி.

1904 அக்டோபர் 2-ஆம் நாள் மொகல்சராயில் பிறந்த அவர், மழலைப் பருவத்திலேயே தந்தையை இழந்தார். காசி வித்யாபீடம் அளித்த ‘சாஸ்திரி’ எனும் பட்டமே அவர் பெயராய் நிலைத்தது. 1956-இல் நம் அரியலூரில் நேர்ந்த இரயில் விபத்துக்குப் பொறுப்பேற்றுத் தம் அமைச்சர் பதவியைத் துறந்தவர் என்பதைத் தமிழ் மக்கள் மறவார்.

1964 ஜூன் 9-ஆம் நாள் அவர் பிரதமரானார். அவ்வாண்டு அக்டோபரில் கெய்ரோவிலிருந்து திரும்பும் வழியில் கராச்சியில் இறங்கி, பாகிஸ்தான் அதிபர் அயூப்கானைச் சந்தித்தார். ஆயினும் 1965 ஏப்ரலில் கட்ச் சதுப்பு நிலத்தில் மோதல் வெடித்தது. கண்டனங்களுக்கிடையே, பிரிட்டனின் முயற்சியால் போர் நிறுத்தம் செய்து, எல்லைச் சிக்கலை நடுவர் மன்றத்தின் தீர்ப்புக்கு விட அவர் இசைந்தார். அப்பொறுமையை எதிர்த்தரப்பு வலிமையின்மை எனக் கொண்டது போலும்! ஆகஸ்டில் காஷ்மீரத்துள் ஊடுருவல் தொடங்கிற்று. செப்டம்பர் முதல்நாள் சாம்ப் பகுதியில் பெரும்படை புகுந்தது. செப்டம்பர் 6-இல் பன்னாட்டு எல்லை கடந்து லாகூர் நோக்கிப் படைசெல்லப் பணித்தவர் அதே மென்மையான மனிதர்தாம். கேம்கரண் களத்தில் பாட்டன் டாங்கிகளைத் தகர்த்து உயிர் ஈந்த அவில்தார் அப்துல் ஹமீது, பரம்வீர் சக்கரம் பெற்றதும் அப்போரிலேயே.

இருவர் பகை இருவரோடு நிற்பதில்லை. நாட்டின் உணவோ அமெரிக்கக் கோதுமையை நம்பியிருந்தது, வடக்கே சீனா எச்சரிக்கை விடுத்தது, ஐ.நா. பாதுகாப்பு அவை போர்நிறுத்தம் வேண்டிற்று. செப்டம்பர் 23-இல் பீரங்கிகள் ஓய்ந்தன.

1966 ஜனவரி 4-ஆம் நாள் சோவியத் பிரதமர் கோசிஜின் முன்னிலையில் தாஷ்கண்டில் பேச்சு தொடங்கியது. ஆகஸ்ட் 5-க்கு முந்தைய நிலைகளுக்கு இருபடைகளும் திரும்ப வேண்டுமெனில், வீரர் குருதி சிந்தி வென்ற ஹாஜிபீர் கணவாயையும் திருப்பித் தரல் வேண்டும். சாம்ப் நிலம் மீள்வதும் அவ்வழியே. வேறு நாடுகளின் ஆதரவின்றி அதனைப் பற்றி நிற்பதா, வலிமையை விடுத்துப் பேச்சால் தீர்க்கும் உறுதிமொழியைப் பெறுவதா? சாஸ்திரி பின்னதைத் தேர்ந்தார். ஜனவரி 10-இல் ஒப்பமிட்டார். அன்று நள்ளிரவு கடந்தபின் மாரடைப்பால் மறைந்தார். அவரது உடலைத் தாங்கிய பேழைக்கு அயூப்கானும் தோள் கொடுத்தார்.

கணவாயைத் தந்தது தவறென அமைச்சர் மகாவீர் தியாகி பதவி விலகினார். 1971-இல் மீண்டும் போர் மூண்டதை நோக்க, அவர் வருத்தம் பொருளற்றதன்று. எனினும், பொறுக்க வேண்டிய காலத்தில் பொறுத்தும், பொருத வேண்டிய காலத்தில் பொருதும், வென்றபின் கைநீட்டியும் காட்டிய ஒருவரைக் கோழை எனவோ வெறியர் எனவோ எவரும் கூறார். பகையைத் தீர்க்க அவரால் இயலவில்லை. பகைக்குத் தம் நெஞ்சை அடிமையாக்கவும் அவர் இசையவில்லை. மாணவச் செல்வங்கள் அவர் வாழ்விலிருந்து கொள்ளத்தக்க பாடம் இதுவே என்போம்.