அடையாற்றங்கரைத் தோட்டக்காரர்

மயிலாப்பூரிலே பிறந்து வளர்ந்தவன் நான். கபாலீசுவரர் கோயில் குளத்தையும் லஸ் முனையையும் கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன். ஆனால் ஆற்றுக்கு அப்பால், நடந்தே போய்விடக்கூடிய தொலைவில் இருக்கும் பிரம்மஞான சபைத் தோட்டத்தைக் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் பார்த்தேன். அதுவும் என் ஆயா சொல்லி அனுப்பியதால்.

திரு.வி.க. பாலத்தைக் கடந்து வாயிலுக்குள் நுழைந்ததும் சென்னையின் இரைச்சல் பின்தங்கிவிட்டது. இருபுறமும் மரங்கள், காலடியில் சருகுகள். சிறிது தூரத்தில் ஆற்றைப் பார்த்தபடி பழைய மாளிகை. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஹடில்ஸ்டன் பெயரால் ஹடில்ஸ்டன் தோட்டம் என வழங்கிய இடம் அது. வெள்ளைக்கார அதிகாரிகள் கோட்டையை விட்டு வெளியே வந்து காற்று வாங்கத் தோட்ட வீடுகள் கட்டிக்கொண்ட காலத்தின் மிச்சம். அந்த வீட்டின் போக்கையே மாற்றியவர் ஒரு அமெரிக்கர். அவர்தான் கர்னல் ஹென்றி ஸ்டீல் ஆல்காட்.

1832 ஆகஸ்டு 2 அன்று நியூஜெர்சி மாநிலத்தின் ஆரஞ்சு நகரில் அவர் பிறந்தார். இளமையில் அவர் பயின்ற கலை உழவு. மண்ணையும் விதையையும் அறிவியல் முறையில் ஆராய்ந்தார். இனிப்புச் சோளத்தைப் பற்றி 1857இல் ஒரு நூலும் வெளியிட்டார். பிறகு வந்தது அமெரிக்க உள்நாட்டுப் போர். படைத்துறைக் கொள்முதலில் நடந்த ஊழல்களைத் துருவி எடுக்கும் பொறுப்பு அவருக்குத் தரப்பட்டது. கர்னல் பட்டம் அந்நாளில் வந்ததே. 1865இல் ஆபிரகாம் லிங்கன் கொலையை விசாரித்த குழுவிலும் இடம் பெற்றார். அதன் பின் வழக்கறிஞரானார்.

1874இல் பிளாவட்ஸ்கி அம்மையாரைச் சந்தித்தார். மறு ஆண்டு நவம்பரில் நியூயார்க்கில் பிரம்மஞான சபை தோன்றியது. ஆல்காட் அதன் முதல் தலைவரானார். 1879இல் இருவரும் பம்பாய் வந்து இறங்கினர். 1882இல் அடையாற்றங்கரையில் 27 ஏக்கர் கொண்ட இந்தத் தோட்டத்தை வாங்கி, அவ்வாண்டு டிசம்பரில் குடியேறினர். 1886இல் அடையாறு நூலகம் உருவாயிற்று. இன்று உலகெங்கிலுமிருந்து அறிஞர்கள் அங்குள்ள ஓலைச்சுவடிகளைத் தேடி வருகிறார்கள்.

தோட்டத்தின் பெருமை அதன் ஆலமரம். பல நூற்றாண்டு வயதுடையது. 1989இல் ஒரு புயலில் அதன் அடிமரம் சாய்ந்துவிட்டது. நான் தேடிச் சென்றது அந்த அடிமரத்தை, கண்டது விழுதுகளை. ஒவ்வொரு விழுதும் தனி மரமாய் மண்ணில் கால் ஊன்றி நிற்கிறது. ஆல்காட் வாங்கிய நிலத்துக்குள் இந்த மரம் இருக்கவில்லை. அவர் மறைவுக்குப் பின், அன்னி பெசன்ட் அம்மையார் காலத்தில் சேர்ந்த நிலம் இது. எனினும் அந்த நிழலில் நின்றபோது அவருடைய நினைவே எனக்கு வந்தது. காரணம் உண்டு.

மாளிகையின் வேலிக்கு வெளியே, ஊரூர்ப் பக்கம், அன்று பஞ்சமர் என்று ஒதுக்கப்பட்ட மக்கள் வாழ்ந்தனர். அவர்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத் திண்ணைகூட எட்டாத காலம். 1894இல் ஆல்காட் அவர்களுக்கென ஓர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். தொடர்ந்து தேனாம்பேட்டை, கோடம்பாக்கம், மயிலாப்பூர் எனப் பள்ளிகள் கிளைத்தன. மயிலாப்பூர்ப் பள்ளிக்குத் திருவள்ளுவர் பெயர். 1898இல் அயோத்திதாசப் பண்டிதர் பௌத்தம் தழுவ விரும்பியபோது அவரை இலங்கைக்கு அழைத்துச் சென்றவரும் இவரே. இலங்கையிலோ 1880 முதலே பௌத்தப் பள்ளிகள் எழ உழைத்தார். கொழும்பு கோட்டை ரயில் நிலையத்தின் முன் அவருக்குச் சிலை இருக்கிறது.

1907 பிப்ரவரி 17 அன்று இதே அடையாற்றில் அவர் மறைந்தார். வயது 74.

இனி என் ஆயாவுக்கு வருகிறேன். ஆயாவின் பாட்டனார் அந்த இலவசப் பள்ளிகளுள் ஒன்றில் சில ஆண்டுகள் படித்தவராம். எங்கள் குடும்பத்தில் கைநாட்டு வைக்காமல் முதன்முதலில் கையெழுத்துப் போட்டவர் அவர். அதற்குப் பின் எத்தனையோ தடங்கல்கள். வறுமையால் ஒரு தலைமுறை முழுதும் படிக்காமலே போயிற்று. ஆனாலும் எழுத்தின் ஆசை வீட்டை விட்டுப் போகவில்லை. நான் கல்லூரியில் சேர்ந்த அன்று, அந்தத் தோட்டத்துக்குப் போய் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வா என்று ஆயா சொன்னதன் பொருள், ஆலமரத்தடியில்தான் எனக்கு விளங்கியது.

ஆல்காட்டின் எல்லாக் கொள்கைகளையும் நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆவியுலகம் பற்றிய அவருடைய நம்பிக்கைகள் அவர் காலத்திலேயே கேள்விக்குள்ளாயின. ஒரு பள்ளி சாதியை ஒழித்துவிடாது என்பதும் உண்மை. இருந்தாலும், அழகிய தோட்டம் வாய்த்த ஒருவர் வேலிக்குள்ளேயே அமர்ந்துவிடாமல் வெளியே எட்டிப் பார்த்தார். உழவு படித்தவர் அல்லவா, நிலம் எங்கே தரிசாகக் கிடக்கிறதென்று அவருக்குத் தெரிந்திருந்தது!

அவர் தொடங்கிய ஊரூர்ப் பள்ளி ஆல்காட் நினைவுப் பள்ளியாகப் பெசன்ட் நகரில் நிற்கிறது. நண்பர்களே, அடையாறு செல்லும்போது ஆலமரத்தை மட்டும் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். அந்தப் பள்ளி வாசலிலும் சற்று நின்று வாருங்கள். மணி அடித்ததும் புத்தகப் பையோடு ஓடிவரும் பிள்ளைகளைப் பாருங்கள். அவர் நட்டது அங்கேதான் தழைத்திருக்கிறது.