த்ரீ நாட் த்ரீ: அந்தப் பழைய ரைஃபிளை வடிவமைத்த கடிகாரக்காரர் யார்? அதன் கதையை எப்படிப் படிப்பது?

கருவூலக் காவலிலோ, என்சிசி பயிற்சியிலோ, பழைய காவல் நிலையத்திலோ, மரக்கட்டை போர்த்திய அந்த நீளமான ரைஃபிளை ஒருமுறையாவது பார்த்திருப்பீங்க. 'த்ரீ நாட் த்ரீ' என்ற பெயரும் பழக்கமானதுதான். உத்தரப் பிரதேச காவல்துறை 2020 குடியரசு தின அணிவகுப்பில்தான் அதற்கு விடை கொடுத்தது.

அதன் முறையான பெயர் லீ-என்ஃபீல்ட். என்ஃபீல்ட் என்பது லண்டனுக்கு வடக்கே ஆயுத ஆலை இருந்த ஊர். லீ என்பது ஒரு மனிதர். அவர் கதை தெரிந்தால், அவருடைய ரைஃபிளின் இரும்பில் குத்தியிருக்கும் முத்திரைகளைப் படிப்பதும் சுலபமாகிவிடும்.

யார் இந்த ஜேம்ஸ் பாரிஸ் லீ?

1831 ஆகஸ்ட் 9-ல் ஸ்காட்லாந்தின் ஹாவிக் நகரில் பிறந்தவர். சிறுவயதிலேயே குடும்பம் கனடாவுக்குப் போய், இன்றைய ஒன்டாரியோவில் கால்ட் என்ற ஊரில் குடியேறியது. அப்பா கடிகாரம் செய்பவர், மகனும் அதே தொழிலைக் கற்றார். 12 வயதிலேயே ஒரு பழைய கைத்துப்பாக்கிக் குழலை எடுத்து, தானே கட்டை செதுக்கி, துப்பாக்கி ஒன்று செய்து பார்த்தார் என்று சொல்லப்படுகிறது. அது சரியாக வேலை செய்யவில்லையாம்.

1858 வாக்கில் அமெரிக்காவின் விஸ்கான்சினுக்குப் போனார். சில ஆண்டுகளில் உள்நாட்டுப் போர் வெடித்தது. முன்பக்கமாக மருந்து இடிக்கும் துப்பாக்கிகளைப் பின்பக்கமாகத் தோட்டா போடும்படி மாற்ற முடியுமா என்பதுதான் அன்றைய பெரிய கேள்வி. லீயின் முதல் வேலையே ஒரு 'மாற்று' வேலைதான். ஸ்பிரிங்ஃபீல்ட் துப்பாக்கியை அப்படி மாற்றும் ஒரு முறையை அவர் உருவாக்கினார்.

காலிபரில் விழுந்த முதல் அடி

காலிபர் என்றால் துப்பாக்கிக் குழலின் உள்விட்டம். போர் முடியும் தறுவாயில், 1,000 கார்பைன்கள் செய்து கொடுக்க லீயின் மில்வாக்கி நிறுவனத்துக்கு ராணுவ ஒப்பந்தம் கிடைத்தது. ஆனால் எந்தக் காலிபர் என்பதிலேயே தகராறு வந்தது. ராணுவம் வாங்க மறுத்துவிட்டது, நிறுவனமும் நொடித்தது. அங்குலத்தில் நூறில் சில பங்கு வித்தியாசம் ஒரு ஆலையையே மூடிவிடும் என்று அவர் அப்போதே பட்டுத் தெரிந்துகொண்டார்.

உலகை மாற்றிய சின்ன தகரப் பெட்டி

லீ பிறகு கிழக்குக் கடற்கரைப் பக்கம் போய், ரெமிங்டன் போன்ற ஆயுத நிறுவனங்களுடன் சேர்ந்து வேலை செய்தார். 1879 நவம்பர் 4-ல் அவருக்கு ஒரு காப்புரிமை கிடைத்தது. தோட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அடியில் ஸ்பிரிங் வைத்து, போல்ட்டுக்குக் கீழே மாட்டிக் கழற்றக்கூடிய பெட்டி அது. இன்று நாம் மேகசின் என்று சொல்வது இதன் வாரிசைத்தான்.

அமெரிக்கக் கடற்படை கொஞ்சம் வாங்கியது. பெரிய வாடிக்கையாளராக வந்தது பிரிட்டன். 1888-ல் லீயின் போல்ட்டையும் மேகசினையும், வில்லியம் மெட்ஃபோர்டின் குழலையும் சேர்த்து, .303 அங்குல காலிபரில் லீ-மெட்ஃபோர்ட் ரைஃபிளை அது ஏற்றுக்கொண்டது. பின்னர் கரும்மருந்துக்குப் பதில் கார்டைட் வந்தது. அதன் சூட்டில் மெட்ஃபோர்ட் குழலின் ஆழமில்லாத வரிகள் சீக்கிரம் தேய்ந்தன. 1895-ல் ஆழமான என்ஃபீல்ட் வரிகள் வந்தன, ரைஃபிளின் பெயரும் லீ-என்ஃபீல்ட் ஆனது.

1904 பிப்ரவரி 24-ல், 72 வயதில் லீ இறந்தார். மிகப் புகழ்பெற்ற மார்க் 3 ரகம் வந்தது அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து, 1907-ல்.

அவர் பார்க்காத இந்தியா

கொல்கத்தாவுக்கு அருகே உள்ள ஈசாப்பூர் ஆலை இந்த ரைஃபிளைப் பல லட்சக்கணக்கில் தயாரித்தது. 1914-ல் பிரான்ஸின் மார்செய் துறைமுகத்தில் இறங்கிய இந்திய வீரர்களின் ரைஃபிள்கள் அங்கேயே மாற்றப்பட்டன. ஏன் தெரியுமா? 1910-ல் வந்த மார்க் 7 தோட்டா கூர்முனையுடனும் குறைந்த எடையுடனும் வேகமாகப் பாய்வது. பழைய குறிபார்க்கும் அளவுகள் அதற்குப் பொருந்தாது. காலிபர் அதே .303 என்றாலும், தோட்டா மாறினால் குறியும் மாறும்.

1919 ஏப்ரல் 13. ஜாலியன்வாலா பாக். 50 வீரர்கள், 1,650 குண்டுகள். அரசுக் கணக்குப்படி மட்டும் 379 பேர் இறந்தனர். இந்தியத் தரப்பின் கணக்கு ஆயிரத்தைத் தாண்டும். அன்று சுட்டதும் த்ரீ நாட் த்ரீதான். ஒரு பழைய ரைஃபிளின் போர் வரலாறு என்று பேசும்போது இதையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது.

ஒரு ரைஃபிளைப் படிப்பது எப்படி?

அருங்காட்சியகத்திலோ கண்காட்சியிலோ அடுத்த முறை பார்க்கும்போது, இந்த இடங்களைக் கவனியுங்க.

1. கட்டையும் இரும்பும் சேரும் கழுத்து வளையம்: வலப்பக்கம் கிரீடம், மன்னரின் எழுத்துகள், ஆலையின் பெயர், ஆண்டு, ரகம் வரிசையாக இருக்கும். ஜி.ஆர்.ஐ. என்றால் பேரரசர் ஜார்ஜ் காலத்து இந்தியத் தயாரிப்பு. கிரீடத்துக்குப் பதில் அசோகச் சிங்கம் இருந்தால் சுதந்திரத்துக்குப் பிந்தையது.

2. இரண்டாவது ஆண்டு: எஃப்.ஆர். அல்லது எஃப்.டி.ஆர். என்ற எழுத்துகளோடு வேறொரு ஆண்டு இருந்தால், ஆலையில் பழுது பார்க்கப்பட்டது என்று பொருள். அதனால் 1917 என்று இருப்பதை மட்டும் வைத்து முதல் உலகப் போர்க் குழல் என்று சொல்லிவிட முடியாது. போல்ட்டிலும் குழலிலும் உள்ள எண்கள் ஒத்துப்போகின்றனவா என்றும் பார்க்கணும்.

3. மேகசினின் வடிவம்: .303 தோட்டாவின் அடியில் விளிம்பு உண்டு, உடல் மேலே போகப் போகக் குறுகும். அதனால் மேகசின் சாய்வாக இருக்கும். பெட்டி போலச் சதுரமாக இருந்தால் அது பெரும்பாலும் 7.62 மி.மீ. ரகம்.

4. குழலின் உட்புறம்: வரிகளே இல்லாமல் வழவழப்பாக, மேகசின் இடத்தில் மரக்கட்டை அடைத்திருந்தால், அது .410 அங்குல மஸ்கெட். காவல் பணிகளுக்காக ஈசாப்பூரில் .303-லிருந்து ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கியாக மாற்றப்பட்டது.

5. கம்பிச் சுற்று, டி.பி. எழுத்து: முன்பகுதியில் கம்பி இறுக்கிச் சுற்றியிருந்தால் கையெறி குண்டு ஏவப் பயன்பட்டது. டி.பி. என்றால் அணிவகுப்புக்கு மட்டும், சுடவே கூடாது.

மாற்றமா, புதுசா?

இங்கேதான் நிறைய பேர் குழம்புவார்கள். 1962 சீனப் போருக்குப் பிறகு ஈசாப்பூரில் உருவான 2ஏ, 2ஏ1 ரைஃபிள்கள் 7.62 மி.மீ. நேட்டோ தோட்டாவைச் சுடுபவை. பார்த்தால் பழைய லீ-என்ஃபீல்ட் மாதிரியே இருக்கும். ஆனால் இவை பழையதைத் துளைத்து மாற்றியவை அல்ல, வலுவான எஃகில் புதிதாகச் செய்தவை. அந்தத் தோட்டாவின் அழுத்தம் .303-ஐவிட அதிகம். பழைய .303 உடலில் யாரோ 7.62 குழலை மாட்டியிருந்தால், அது சுடுபவரின் முகத்துக்கு நேராகவே வெடிக்கலாம்.

அப்போ, வீட்டில் தாத்தா காலத்து ரைஃபிள் இருந்தால்? முத்திரையைப் படித்து முடிவு செய்யாதீங்க. முத்திரை மாறாமலே குழல் மாறியிருக்கலாம். ஆயுதப் பழுதுபார்ப்பவர் அறையையும் குழலையும் அளந்து சொன்னால்தான் காலிபர் உறுதி. உரிமத்தில் எழுதிய காலிபரும் துப்பாக்கியின் காலிபரும் ஒன்றாக இருக்க வேண்டும். .303 இந்தியாவில் பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட காலிபர். .315 வேட்டை ரைஃபிள் என்று தனியாக ஒன்று விற்கப்படுவதும் அதனால்தான். அதற்குள் இருப்பதும் லீயின் போல்ட் அமைப்புதான்.

ஒரே ஒரு எழுத்து

உலகம் முழுக்க 1.7 கோடிக்கும் மேற்பட்ட லீ-என்ஃபீல்டுகள் செய்யப்பட்டன என்பது பொதுவான மதிப்பீடு. அவற்றில் பழையவற்றின் கழுத்து வளையத்தில் எல்.இ. என்று குத்தியிருக்கும். லீயின் பெயர் அந்த முதல் எழுத்தாக மட்டுமே அங்கே நின்றது. 7.62 மி.மீ. 2ஏ1 முத்திரையில் அந்த எழுத்தும் கிடையாது. ஆனால் போல்ட்டை இழுத்துத் தள்ளினால், அதே கடிகாரக்காரரின் கைவேலைதான் இன்றும் தோட்டாவை மேலே தூக்கித் தருகிறது.