படிக்காமல் போட்ட ஒரு கையெழுத்து... உங்கள் போனுக்குள் இருக்கும் பால் ஐஸ்லரின் கதை!

இதைப் படிச்சுட்டிருக்கிற உங்க போனைக் கழற்றினால், உள்ளே ஒரு சர்க்யூட் போர்டு இருக்கும். அதில் முடியைவிட மெல்லிய செம்புக் கோடுகள். கொருக்குப்பேட்டை மொட்டைமாடியில் ஒரு இன்ஜினீயரிங் மாணவர் பிளாஸ்டிக் டப்பாவில் கெமிக்கல் ஊற்றி புராஜெக்ட்டுக்கு போர்டு செய்கிறார் என்றால், அவர் போடுவதும் அதே கோடுகள்தான். இந்த முறையை உலகத்துக்குக் கொண்டுவந்தவர் பால் ஐஸ்லர். பேரே கேள்விப்பட்டதில்லையா? அதுதான் அவர் கதையே!

1907-ல் வியன்னாவில், யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1930-ல் இன்ஜினீயரிங் முடித்தார். யூதர் என்பதால் படிப்புக்கேற்ற வேலை அமையவில்லை. அச்சு, பத்திரிகை என்று கிடைத்த வேலைகளைச் செய்தார். 1936-ல் லண்டனுக்குக் கிளம்பிவிட்டார்.

அப்போது ரேடியோவைத் திறந்தால் உள்ளே ஒரே ஒயர் காடு. ஒவ்வொரு ஒயரையும் கையால்தான் சால்டர் செய்யணும். அச்சகம் தெரிந்த ஐஸ்லருக்கு ஒரு ஐடியா. பேப்பரை அச்சடிக்கிற மாதிரி ஒயரிங்கையும் அச்சடித்தால் என்ன? அட்டைமேல் செம்புத் தகடு ஒட்டி, தேவையான கோடுகளை மட்டும் மையால் மூடி, மீதிச் செம்பைக் கரைத்துவிடணும். அவ்வளவுதான்! வாடகை அறையிலேயே ஒரு ரேடியோ செய்தும் காட்டினார். பிளெஸ்ஸி நிறுவனம் வேண்டாம் என்றது. காரணம், ஒயரிங் செய்யும் பெண்களுக்குக் கூலி கம்மி!

போர் வந்தது. ஹிட்லருக்குப் பயந்து ஓடிவந்தவரையே 'எதிரி நாட்டுக்காரர்' என்று முகாமில் அடைத்தது பிரிட்டன். 1941-ல் வெளியே வந்தவர், ஒரு அச்சு நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கேதான் அந்தக் கையெழுத்து. ஒப்பந்தத்தை முழுசாப் படிக்காமலே போட்டார். கண்டுபிடிப்பின் உரிமை ஒரு பவுண்டுக்குக் கைமாறியது. பின்னால் வந்த டெக்னோகிராஃப் கம்பெனியில் சின்னப் பங்கு கிடைத்தது, அவ்வளவுதான்.

1943-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். அதே சமயம் அமெரிக்கா, விமானங்களை வீழ்த்தும் குண்டுகளின் ஃபியூஸில் அச்சிட்ட சர்க்யூட்டைப் பயன்படுத்தியது. போருக்குப் பிறகு உலகமே அந்த வழிக்கு வந்தது. 1957-ல் ஐஸ்லர் டெக்னோகிராஃபை விட்டு விலகினார். 1963-ல் அமெரிக்கக் கோர்ட்டில் காப்புரிமை வழக்கும் தோற்றது. சூடாகும் வால்பேப்பர் வரை என்னென்னவோ செய்துபார்த்தவர், 1992-ல் 85 வயதில் லண்டனில் காலமானார்.

இப்போ உங்க டப்பாவுக்கு வருவோம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கும் ஃபெரிக் குளோரைடு, செம்பு சேரச் சேர வேகம் குறைந்து ஒரு கட்டத்தில் ஓய்ந்துவிடும். காப்பர் குளோரைடு கரைசல் அப்படியில்லை. வேலை செய்தபின் நிறம் மங்கிப் பழுப்பாகும். கொளத்தூர் மீன் கடையில் கிடைக்கும் சின்ன ஏர் பம்ப்பால் காற்றைச் செலுத்தினால் பச்சை திரும்பும். அமிலம் குறையும்போது கொஞ்சம் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்க்கணும். அதே கரைசல் வருஷக்கணக்கில் உழைக்கும். ஒன்று மட்டும் முக்கியம்: கையுறை, கண்ணாடி கட்டாயம். வேலை காற்றோட்டமான இடத்தில்தான் நடக்கணும். பிளீச்சிங் பவுடர் பக்கத்திலேயே வரக்கூடாது, விஷவாயு வரும்.

கரைசல் மிஞ்சினால் சாக்கடையில் ஊற்றிடாதீங்க. பக்கிங்ஹாம் கால்வாய் வழியா அது எண்ணூர் முகத்துவாரம் வரை போகும். கரைந்த செம்பு மீனுக்கும் இறாலுக்கும் விஷம். கேனில் மூடி, லேபிள் ஒட்டி, கல்லூரி லேபில் கழிவு வாங்குவார்களா என்று கேளுங்க.

அப்புறம், அடுத்த தடவை வேலைக்கான ஒப்பந்தம் நீட்டப்பட்டால், கையெழுத்துக்கு முன்னாடி கடைசிப் பக்கம்வரை படிச்சிடுங்க. ஐஸ்லர் அதை மட்டும் செய்யவில்லை!