காலராவின் நஞ்சைக் கண்டவர்

வாந்திபேதி என்றதும் நம் பாட்டிமார் முகத்தில் இன்றும் அச்சம் தெரியும். ஊர் ஊராக உயிர்களைக் கொள்ளை கொண்ட அந்தக் காலரா, மனிதனைக் கொல்வது எப்படி என்று கண்டு சொன்னவர் நம் நாட்டு மருத்துவரே. அவர்தாம் டாக்டர் சம்பு நாத் டே.

வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்தில், கரிபாட்டி என்னும் சிற்றூரில், 1915 பிப்ரவரி முதல் நாள் எளிய குடும்பத்தில் பிறந்தார். உதவித்தொகை பெற்றுக் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பயின்றார். லண்டனில் ஆராய்ந்து 1949-இல் டாக்டர் பட்டம் பெற்றுத் தாயகம் திரும்பினார்.

காலராக் கிருமியை ராபர்ட் காக் 1884-இல் கல்கத்தாவில் தனியே பிரித்தெடுத்திருந்தார். ஆயினும் அது உடலின் நீரை எவ்வாறு வடியச் செய்கிறது என்பது புதிராகவே இருந்தது. டே, முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இருபுறமும் கட்டி, உள்ளே கிருமியைச் செலுத்தினார். குடலில் நீர் தேங்கி உப்பியது. பிறகு கிருமி வளர்ந்த நீரை, ஒரு கிருமிகூட இல்லாதபடி வடிகட்டிச் செலுத்தினார். அப்போதும் குடல் உப்பியது! கிருமி சுரக்கும் நஞ்சே நோய்க்குக் காரணம் என்பதை 1959-இல் உலகுக்கு அறிவித்தார்.

நோபெல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பர்க், டேயின் பெயரை அப்பரிசுக்குப் பரிந்துரைத்தார். பரிசு கிட்டவில்லை. தாய்நாட்டிலும் பெரிய விருது எதுவும் பெறாமலே 1985 ஏப்ரல் 15-இல் மறைந்தார்.

ஆனால் அவர் உழைப்பு வீணாகவில்லை. அந்த நஞ்சை உண்டாக்கும் மரபணு பின்னர் கண்டறியப்பட்டது. காலராக் கிருமி இனத்தில் எல்லாமே அந்நஞ்சைச் சுரப்பதில்லை. எனவே உணவில் கிருமி இருக்கிறதா என்பதோடு, நஞ்சின் மரபணு இருக்கிறதா என்பதையும் அறிய வேண்டும். நம் மாவட்டத்துப் பழவேற்காட்டில் பிடிபடும் இறால் போன்ற உணவை எடுத்துக்கொள்வோம். அதில் சிறிதளவைச் சத்துநீரில் சில மணி நேரம் ஊறவைத்துக் கிருமியைப் பெருகச் செய்கிறார்கள். பிறகு பி.சி.ஆர். என்னும் முறையில் அந்த மரபணுத் துண்டைக் கோடிக்கணக்கில் பெருக்கிப் பார்க்கிறார்கள். பல நாள் காத்திருந்து அறிந்ததை இன்று ஓரிரு நாளில் அறியலாம்.

திருவள்ளூரிலும் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையிலும் உழைக்கும் நம் பெற்றோருக்கு நாள்தோறும் சோற்றுப் பாத்திரம் கட்டுகிறோம். நீரைக் கொதிக்க வைத்து, கையைச் சோப்பிட்டுக் கழுவிய பின் கட்டுவோம். கண்ணுக்குத் தெரியாத பகையைக் காட்டிக் கொடுத்த அந்த மனிதருக்கு நாம் செய்யும் நன்றி அதுவே. புகழை நாடாமல் செய்த தொண்டை உலகம் மறந்தாலும் இறைவன் மறப்பதில்லை.